பாம்புப் புற்றும் வீட்டு மனையும்

சேலையூர் ஏரிக்குக் கீழ்ப்பக்கம் இருந்த எங்கள் சேரியில் மழைக்காலம் வந்தால் பாம்பும் கூடவே வரும். கூரை வீடு, மண்சுவர். மூலையில் ஒரு மூட்டை நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் அதன் பின்னால் பாம்பு வரும். ராத்திரியில் அம்மா சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாயை இரண்டு முறை உதறிய பிறகுதான் எங்களைப் படுக்க விடுவாள். பாம்பு வீட்டுக்குள் புகுந்து அடுப்புச் சந்திலோ கூரை இடுக்கிலோ ஒளிந்துகொண்டால் அப்பா என்னைத்தான் விரட்டுவார். "டேய், ஓடிப்போயி வில்லித் தாத்தாவ இட்டுக்கினு வாடா."

வில்லியர் என்றும் இருளர் என்றும் சொல்லப்படுகிற மக்களில் ஒருவர் அந்தத் தாத்தா. ஏரிக்கு அந்தப் பக்கம் முள்காட்டு ஓரத்தில் நாலைந்து குடிசைகள். கையில் ஒரு குட்டைக் கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். வந்ததும் பாம்பைத் தேட மாட்டார். முதலில் தரையைப் பார்ப்பார். எச்சத்தைப் பார்ப்பார், சட்டை உரித்துப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். "சாரதான் அண்ணே, பயப்படாத. எலிக்கு வந்திருக்குது" என்று அப்பாவிடம் சொல்வார். இல்லையென்றால் குரலைத் தாழ்த்தி, "கொயந்தைங்கள வெளிய இட்டுக்கினு போங்கம்மா" என்பார். அப்போது அம்மாவின் முகம் மாறிவிடும். கொஞ்ச நேரத்தில் பாம்பு பைக்குள் போய்விடும். அம்மா ஒரு சொம்பு கூழ் கொடுப்பாள். தாத்தா திண்ணைக்குக் கீழே, தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவார்.

ஊர்த்தெருவில் எங்களை எங்கே உட்கார வைத்தார்களோ, எங்கள் தெருவில் அவரை அங்கேதான் உட்கார வைத்தோம். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எலி தின்கிறவர்கள் என்று எங்கள் தெருப் பையன்கள் அவர்களைக் கேலி பேசினோம். சாதி என்பது ஏணிப்படி போன்ற ஏற்றத்தாழ்வு, ஒவ்வொருவருக்கும் மிதிக்கக் கீழே ஒருவனைக் கொடுத்துவிடுகிறது என்று அம்பேத்கர் விளக்கியதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கூழ்ச் சொம்புதான்.

இன்றைக்குச் சேலையூரில் பாம்பு வருவது ஒரு பெரிய பிரச்சினை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் பாம்பு, கழிவுநீர்த் தொட்டியில் பாம்பு, மாடிப்படிக்குக் கீழே பாம்பு. "காட்டு உயிர்கள் குடியிருப்புக்குள் புகுந்துவிட்டன" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. யார் யாருடைய இடத்தில் புகுந்தது என்கிற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வரலாறு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேலையூர் காடாக இருந்த ஊர். சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து 1937 இல் தாம்பரத்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த முந்நூற்றுச் சொச்சம் ஏக்கரும் சேலையூர்க் காட்டின் பகுதிதான். அந்த வளாகத்துக்குள் மட்டும் புதர்க்காடு இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதற்கு வெளியே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிகள் வரிசையாக இருந்தன. ஏரிக்குக் கீழே வயல். வயலுக்கும் காட்டுக்கும் நடுவே புற்று. புற்றில் பாம்பு, வயலில் எலி, வரப்பில் கீரி. இந்த ஒழுங்கை நன்றாக அறிந்திருந்தவர்கள் அந்த முள்காட்டு ஓரத்துக் குடிசைக்காரர்கள்.

வயல்கள் மனைகளாயின. வரத்துக் கால்வாய்கள் தெருக்களாயின. தாம்பரம், பல்லாவரம் நகராட்சிகளையும் செம்பாக்கம், மாடம்பாக்கம் போன்ற ஊர்களையும் சேர்த்து 2021 இல் தாம்பரம் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தைச் சுற்றிய நகர்கள் மூழ்கியபோது, தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். பாம்பும் அப்படித்தான் திரும்பி வருகிறது. தண்ணீருக்குக் கொடுத்த நியாயத்தைப் பாம்புக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த முள்காட்டு ஓரத்துக் குடிசைக்காரர்களுக்கோ அந்த நியாயம் ஒருபோதும் கொடுக்கப்பட்டதில்லை. அவர்களிடம் பட்டா இல்லை. மனை போட வந்தபோது முதலில் காணாமல் போனவை அந்தக் குடிசைகள்தான்.

இப்போது பாம்புத் தோலின் கதைக்கு வருவோம். 1970கள் வரை செங்கல்பட்டு மாவட்ட இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது வயிற்றுப் பிழைப்பாக இருந்தது. பாம்புத் தோலுக்கு வெளிநாடுகளில் கிராக்கி. கைப்பை, காலணி, இடுப்பு வார் என்று சீமான்களும் சீமாட்டிகளும் அணிந்துகொண்ட தோல்கள் இந்தக் கிராமங்களிலிருந்து போனவை. இருளர் பிடித்தார், உரித்தார், தரகர் வாங்கினார், வியாபாரி ஏற்றுமதி செய்தார். லாபம் யார் கைக்குப் போயிருக்கும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1972 இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எழுபதுகளின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்பைக் காப்பாற்ற வேண்டியது நியாயம்தான், அதில் நமக்கு மறுப்பில்லை. பாம்பு இல்லாமல் போனால் எலி பெருகும், விளைச்சலை எலி தின்னும். ஆனால் அந்தச் சட்டம் வந்த விதத்தைப் பாருங்கள். நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது. ஏற்றுமதி வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொண்டான். கடப்பாரையும் பையும் மட்டும் வைத்திருந்தவன் எதற்கு மாறுவான்? செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே எழுபதுகளில், 1976 இல் வந்ததுதான். பாம்பைக் காக்கும் சட்டம் இருளர் குடிசை வரைக்கும் நடந்து வந்தது. கொத்தடிமையைக் காக்கும் சட்டத்துக்குச் சூளை வாசல் வரைக்கும் நடக்கக் கால் வரவில்லை. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழித்தும் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டார்கள் என்கிற செய்தி வந்துகொண்டேயிருந்தது.

இந்த வரலாற்றில் சேலையூருக்கு ஒரு தனி இடமுண்டு. கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணையைப் பார்க்காத சென்னைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறைவு. அந்தப் பண்ணை முதன்முதலில் 1969 இல் தொடங்கப்பட்டது எங்கள் சேலையூரில்தான். தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ரோமுலஸ் விட்டேகர். 1972 இல் அது கிண்டிக்குப் போய்விட்டது. பாம்பைப் பற்றித் தான் கற்றதில் பெரும்பங்கு இருளர்களிடமிருந்து வந்தது என்பதை விட்டேகர் மறைத்ததில்லை, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும். ஆனாலும் பொதுப்புத்தியில் 'பாம்பு மனிதர்' என்றால் ஒரு வெள்ளைக்காரர் முகம்தான் வருகிறது. கற்றுக்கொண்டவர் பெயர் வரலாற்றில் ஏறிக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர்கள் 'இருளர்கள்' என்கிற கூட்டுப் பெயருக்குள் கரைந்து போனார்கள்.

தோல் தொழில் நின்றுபோன அந்த நெருக்கடியிலிருந்துதான் 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அதன் இடம். விட்டேகரும் அவரோடு சேர்ந்தவர்களும் முன்னின்றார்கள். 1982 வாக்கில் விஷம் எடுக்கும் வேலை தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து வருகிறார்கள். மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை மறுபடியும் பிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த அடையாளம். பாம்பைக் கொல்லாமல் பாம்பால் பிழைக்கிற வழி அது.

எடுத்த விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அவர்கள் அதைச் சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். இந்தியாவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடப்படும் ஊசி மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாகக் கொடுத்து வந்தது இந்தச் சங்கம்தான். பஞ்சாபில் கோதுமை அறுக்கும்போது கடிபட்ட கூலிக்காரியின் உயிரைக் காத்த மருந்துக்குள் செங்கல்பட்டு இருளரின் உழைப்பு இருந்திருக்கலாம். அந்தக் கூலிக்காரிக்கு அது தெரியாது. நமக்கும் தெரியாது.

பாம்புக்கடியில் சாகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இதில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள், மழைக்காலத்தில் கடிபட்டவர்கள். தரையில் படுப்பவன், வெறுங்காலோடு நாற்று நடுகிறவள், கதவில்லாத குடிசைக்காரன், இருட்டில் வெளிக்குப் போகிறவள். இந்தப் பட்டியலைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்க்க நமக்கு ஆய்வாளர் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017 இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் ஒவ்வொரு பாம்புக்கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. செத்தவர்களை எண்ணவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நகரத்துக்கு வந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருப்பவருக்குப் பாம்பு ஒரு பயம், அவ்வளவுதான். குப்பைக் குவியலைக் கையால் அள்ளுகிறவர், அடைத்த கால்வாயில் இறங்குகிறவர், கட்டுமான வேலையில் தகரக் கொட்டகைக்குள் தரையில் படுத்திருக்கிறவர், இரவுக் காவலாளி இவர்களுக்குத்தான் பாம்பு ஆபத்து. குடியிருப்போர் கூட்டங்களில் பேசப்படும் 'பாம்புப் பிரச்சினை' இவர்களைப் பற்றியதல்ல.

வீட்டுக்குப் பாம்பு வராமலிருக்க என்ன செய்வது என்று கேட்டால் கடைக்காரர்கள் மருந்து விற்பார்கள். பினாயில் தெளிக்கிறார்கள், பூண்டு அரைத்துக் கரைத்து ஊற்றுகிறார்கள், கந்தகம் தூவுகிறார்கள். இவற்றை நம்பிப் பயனில்லை. வில்லித் தாத்தா எங்கள் அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இன்றைக்குப் பாம்பறிந்த விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். "பாம்ப வெரட்டாதம்மா, எலிய வெரட்டு. எலி இல்லாத ஊட்டுக்குப் பாம்பு எதுக்கு வருது?" குப்பையைத் திறந்து போடாதே. விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காதே. கதவுக்குக் கீழே சந்து இருந்தால் அடை, சாக்கடைக் குழாய் வாயில் வலை போடு. ராத்திரியில் வெளிச்சமில்லாமல் கால் வைக்காதே. தரையில் படுத்தால் கொசுவலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகு. கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும், கடித்த வலிகூடத் தெரியாது. கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதே. காலை ஆட்டாமல் படுக்க வைத்து நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

பார்க்க எளிமையான அறிவுரை. ஆனால் வகுப்புவாரியாகப் படியுங்கள். குப்பையை அள்ளாமல் மாநகராட்சி விட்டுவிடும் தெரு எது? தெருவிளக்கு எரியாத தெரு எது? கதவே இல்லாத வீட்டில் கதவுச் சந்தை எப்படி அடைப்பது? பாம்பைத் தடுப்பது என்பது கடைசியில் வீடு, விளக்கு, கழிப்பறை, குப்பை வண்டி ஆகியவற்றைக் கேட்பதுதான். அது ஒரு அரசியல் கோரிக்கை.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துச் சதுப்புக் காடுகளில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த உயிர்களையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. வளர்ப்புப் பிராணியாக வாங்கிக் கொண்டுவந்த பாம்புகள் காட்டுக்குள் போய்ப் பெருகியதன் விளைவு அது. 2017 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்கிற இரண்டு இருளர்களை அந்த மாநிலம் வரவழைத்தது. இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதே குட்டைக் கடப்பாரைதான், அதே தரையைப் பார்க்கிற கண்தான். 2023 இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. கூட்டுப் பெயருக்குள் கரைந்து கிடந்த இனத்திலிருந்து இரண்டு பெயர்கள் வெளியே வந்த அந்த நாளில் எனக்குக் கண் கலங்கியது, உண்மை.

ஆனால் விருதை வைத்துக்கொண்டு ரேஷன் அட்டை வாங்க முடியாது. இருளர் தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசே வகைப்படுத்திய ஆறு இனங்களில் ஒன்று. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பது இன்றும் போராட்டம்தான். சான்றிதழ் இல்லாமல் படிப்புச் சலுகை இல்லை, பட்டா இல்லாமல் தொகுப்பு வீடு இல்லை.

எங்கள் நகரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் இப்போது சேலையூரில் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில் போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் மின்மோட்டார் அறைக்குள் நல்ல பாம்பு ஒன்று புகுந்துவிட்டது. தீயணைப்புக்குப் போன் செய்தார்கள், வேறொரு அழைப்புக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும் என்று பதில் வந்தது. நான்தான் விசாரித்து ஓர் இளைஞரைத் தேடிப்பிடித்தேன். அந்த வில்லித் தாத்தாவின் பேரன். காவலாளி அவரைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார். பத்து நிமிஷத்தில் பாம்பு பைக்குள் போய்விட்டது. கைக்காசு நூறு ரூபாயும் ஒரு பழைய சட்டையும் கொடுத்தார்கள். "வேணாம் சார், சட்டை இருக்குது" என்று சட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார் பையன்.

அடுத்த வாரம் கீழ்த்தளத்தில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "அன்னிக்குப் பாம்பு புடிக்க ஒருத்தன் வந்தானே, அவன விசாரிச்சா தெரியும்." சிலர் தலையாட்டினார்கள். நான் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்திருக்கிறது. பேசினால் என் சாதியையும் விசாரிப்பார்களோ என்கிற பயம் அது. பிறகு பேசினேன். இரண்டு நாள் கழித்து அந்தச் சைக்கிளை மாடி வீட்டுப் பையன் டியூஷனுக்கு எடுத்துப் போய் அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த இளைஞர் செய்தது சட்டப்படி குற்றமாகக்கூட ஆகலாம். சங்கத்தின் உரிமத்துக்கு வெளியே, வனத்துறை அனுமதியில்லாமல் பாம்பைத் தொட்டால் வழக்குப் போட இடமிருக்கிறது. பாட்டன் காலத்து அறிவு கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் உரிமை கையில் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தாம்பரம் மாநகராட்சியும் வனத்துறையும் சேர்ந்து ஒவ்வொரு மண்டலத்துக்கும் இருளர் இளைஞர்களையும் பெண்களையும் உரிமம் கொடுத்து மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். பாதுகாப்புக் கருவியும் காப்பீடும் கொடுக்க வேண்டும். பிடித்த பாம்பை விட ஏரிக்கரையிலும் காட்டிலும் இடம் மிஞ்சியிருக்க வேண்டும், அதற்கு ஏரிகள் மிஞ்சியிருக்க வேண்டும். குடிசைக்குப் பட்டா வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு முழங்கால் வரை காலணியும் கையுறையும் வேண்டும். இந்தக் கோரிக்கைகளை தலித் இயக்கங்கள் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இருளர் பழங்குடி, நாம் தலித், அது வேறு பட்டியல் இது வேறு பட்டியல் என்று அரசாங்கம் பிரித்து வைத்ததை நாமும் பிரித்துக்கொண்டால், திண்ணைக்குக் கீழே உட்கார வைத்த பழைய தப்பைத்தான் மறுபடியும் செய்கிறோம்.

போன மாதம் அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தார். சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி. உள்ளே வந்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார். விண்ணப்பத்தில் 'பரம்பரைத் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. "பாம்பு புடிக்கிறதுன்னு போடலாமா சார், கேஸு ஆயிடுமா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.